இரண்டாவது நாற்காலி

ஒரு கேள்வி. உங்கள் ஆபீஸில் உங்களை மேனேஜராக்கிவிட்டார்கள். தனி அறை, சுழல் நாற்காலி, வாசலில் பேர்ப்பலகை எல்லாம் ஆச்சு. இரண்டு மாதம் கழித்து நீங்களே முதலாளியிடம் போய், 'சார், இந்த ரூம் எனக்கு வேணாம். வேற யாரையாவது மேனேஜராப் போடுங்க. நான் அவருக்கு அசிஸ்டென்ட்டா இருந்துக்கறேன்' என்று சொல்வீர்களா?

மாட்டீர்கள். நானும் மாட்டேன். சட்டைப்பையில் பிரஷர் மாத்திரையை வைத்துக்கொண்டாவது அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்போம். இறங்கி வந்தால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட முக்கியம், மச்சினன் என்ன சொல்லுவான்?

2014 செப்டம்பரில் ஹாலந்தில் ஒருவர் சொன்னார். அல்க்மார் என்று ஓர் ஊர். சீஸ் சந்தைக்குப் பேர்போனது. அந்த ஊரின் கால்பந்து கிளப்பான ஏ.இசட். அந்தக் கோடையில்தான் அவரைத் தலைமைக் கோச்சாக நியமித்திருந்தது. சீசன் ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, மனுஷருக்கு நெஞ்சு படபடப்பு. லீவில் போனார். திரும்பி வந்து, தலைமைப் பொறுப்பின் அழுத்தம் தன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதே கிளப்பில் உதவிக் கோச்சாக இருந்துகொள்கிறேன் என்றார். ஜான் வான் டென் ப்ரோம் என்பவர் தலைமைக்கு வந்தார். இவர் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துகொண்டார்.

யாரோ சோப்ளாங்கி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பெயர் மார்கோ வான் பாஸ்டன். 1988, 1989, 1992 என்று மூன்று முறை பாலன் டி'ஓர் விருது வாங்கியவர். ஃபார்வர்ட் என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று ஐரோப்பாவில் யாராவது படம் வரைந்தால் அந்தப் படத்துக்கு இவர் முகம்தான் வரும்.

இவரைப் பற்றி ஒன்றரை வரியில் ஒரு தீர்ப்பு உலவுகிறது. ஆட்டக்காரராக மேதை, கோச்சாக ஃபெயில். கால்பந்து எழுதுகிற பாதிப்பேர் இதை எழுதியாகிவிட்டது. எனக்குச் சம்மதமில்லை. முதல் பாதியில் ஆட்சேபணை கிடையாது. இரண்டாம் பாதியில்தான் தகராறு.

முதல் பாதியை முதலில் பார்த்துவிடலாம். 1982 ஏப்ரலில் அயாக்ஸ் கிளப்புக்காக முதல்முதலாக மைதானத்தில் இறங்கும்போது வான் பாஸ்டனுக்குப் பதினேழு வயது. சப்ஸ்டிட்யூட். யாருக்குப் பதிலாக? யோஹான் க்ரைஃபுக்குப் பதிலாக. ஹாலந்துக்காரர்கள் பூஜையறையில் வைக்காத குறையாகக் கொண்டாடும் அதே க்ரைஃப். அவர் வெளியே வந்தார், இவர் உள்ளே போனார், போன கையோடு ஒரு கோலும் அடித்தார். வாரிசு யார் என்கிற விஷயம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. இந்தப் பையனைக் கேட்டுக்கொண்டு யாரும் முடிவு செய்யவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அயாக்ஸுக்காக 133 லீக் ஆட்டங்களில் 128 கோல். தொடர்ந்து நான்கு சீசன் ஹாலந்து லீகில் அதிக கோல். 1987-ல் இத்தாலிக்குப் போய் மிலான் கிளப்பில் சேர்ந்தார். கூடவே ரூட் குல்லிட். அடுத்த வருஷம் ஃப்ராங்க் ரைக்கார்ட். இந்த மூவரையும் வைத்துக்கொண்டு மிலான் 1989-லும் 1990-லும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது. 1989 ஃபைனலில் ருமேனியாவின் ஸ்டாவுவா அணிக்கு நாலு கோல் போட்டார்கள். குல்லிட் இரண்டு, இவர் இரண்டு.

ஆனால் இதெல்லாம் மறந்துபோனாலும் ஒரு கோல் மறக்காது. 1988 ஜூன் 25. மேற்கு ஜெர்மனியின் ம்யூனிக் நகரம், ஒலிம்பிக் மைதானம். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் ஃபைனல். எதிரே சோவியத் யூனியன். குல்லிட் தலையால் முட்டி ஒரு கோல் போட்டாயிற்று. இரண்டாம் பாதியில் இடப்பக்கத்திலிருந்து ஆர்னால்ட் மூரன் ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். மூரனுக்கு அப்போது 37 வயது. பந்து வானத்தில் ஏறி, அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மெதுவாக வருகிறது. வலது ஓரத்தில் வான் பாஸ்டன் நிற்கிறார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கோல் கம்பங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டாற்போலத் தெரியும். நடுவே தசாயேவ். அன்றைய தேதிக்கு உலகத்தின் முதல்தர கோல்கீப்பர்களில் ஒருவர். பந்து தரையைத் தொடவே இல்லை. ஓங்கி ஓர் உதை. தசாயேவின் தலைக்கு மேலே போய், எதிர்க்கம்பத்துப் பக்கம் வலைக்குள் இறங்கியது.

யூ டியூபில் பாருங்கள். கோலைப் பார்த்துவிட்டு அடுத்த காட்சியையும் பாருங்கள். ஹாலந்து கோச் ரினுஸ் மிகெல்ஸ் முகத்தைக் கையால் மூடிக்கொள்வார். உலகக் கால்பந்தையே மாற்றிய கிழவர். அவருக்கே நம்ப முடியவில்லை.

வான் பாஸ்டன் பின்னாளில் அந்த கோலுக்குக் கொடுத்த விளக்கம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். களைப்பாக இருந்ததாம். பந்தை நிறுத்தினால் தடுப்பாட்டக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அதைவிட அப்படியே உதைத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றியதாம். அதாவது, அவருக்கு அதுதான் சுலபமான வழி!

சரி, இதை யாருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீர்கள்? 'தம்பி, களைப்பாக இருந்தால் இருபது கெஜத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பந்தை நிறுத்தாமல் மூலையில் அடித்துவிடு' என்றா?

அந்த 1988 போட்டியில் இன்னொரு சங்கதி உண்டு. வான் பாஸ்டன் முதல் ஆட்டத்தில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். சீசன் முழுக்கக் கணுக்கால் தொந்தரவு. மிலானுக்கு ஆடியதே கொஞ்சம். அதனால் மிகெல்ஸ் ஜான் பாஸ்மனை முன்னால் விட்டார். சோவியத் யூனியனிடம் 0-1 என்று தோற்றார்கள். மிகெல்ஸ் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் வான் பாஸ்டன் இறங்கினார். இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல். செமி ஃபைனலில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஒன்று. அப்புறம்தான் அந்த ம்யூனிக் கோல். பெஞ்சில் இருந்தவனைக் கூப்பிட்டதால் வந்த கோப்பை அது.

இனி கணுக்கால் கதை.

1986 டிசம்பரில் க்ரோனிங்கன் அணியோடு ஆடும்போது கணுக்காலில் அடிபட்டது. அப்போது அயாக்ஸுக்குக் கோச் யார் தெரியுமா? க்ரைஃப்தான். வலியோடு ஆடுகிற பையனிடம் அவர் ஓர் ஒப்பந்தம் போட்டார். லீகில் சில ஆட்டங்களை விட்டுவிடு, பிராக்டீஸைக் குறைத்துக்கொள். ஆனால் ஐரோப்பியப் போட்டியில் ஆடியாகவேண்டும். பையன் ஆடினான். 1987 மே மாதம் ஏதென்ஸில் கப் வின்னர்ஸ் கோப்பை ஃபைனல். அயாக்ஸ் 1-0. கோல் போட்டது அந்தக் கணுக்கால்காரன்தான்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. மெஷின் வாங்கினால் வருஷாவருஷம் அதன் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்து எழுதவேண்டும். மெஷின் யாருடையதோ, தேய்மானமும் அவர் கணக்கில்தான் விழும். இது எங்கள் பேராசிரியர் சொன்னது. கால்பந்தில் அப்படியில்லை. கோப்பை கிளப்பின் அலமாரிக்குப் போகிறது. தேய்மானம் ஆட்டக்காரன் காலில் விழுகிறது.

க்ரைஃபைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கோச்சின் வேலையே அதுதான். சனிக்கிழமை ஜெயிக்கவேண்டும் என்று அடுத்தவன் காலை வைத்துத் தீர்மானம் எடுப்பது. அந்த வேலைக்கு உள்ளபடியே ஒரு கல்நெஞ்சு தேவை.

1992 நவம்பரில் ஸ்வீடனின் கோதன்பர்க் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல். அடுத்த மாதம் மூன்றாவது பாலன் டி'ஓர். அதே டிசம்பரில் ஆபரேஷன். 1993 மே 26, சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மார்செய் அணியிடம் மிலான் 0-1 என்று தோற்றது. முடிவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது வான் பாஸ்டனை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அதுதான் கடைசி ஆட்டம். வயது 28. இடம்? ம்யூனிக் ஒலிம்பிக் மைதானம். எந்த சினிமாக்காரராவது இப்படிக் கதை எழுதினால் 'ஓவர் சார்' என்று நாம் சொல்லிவிடுவோம்.

இரண்டு வருஷம் போராடிப் பார்த்தார். ராத்திரியில் படுக்கையிலிருந்து பாத்ரூமுக்குத் தவழ்ந்து போனதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1995 ஆகஸ்டில் விடைபெற்றார். மிலானின் சான் சீரோ மைதானத்தில், ஜீன்ஸும் ஜாக்கெட்டுமாக, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று ஓடினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோச் ஃபாபியோ கபெல்லோ அழுதார். கபெல்லோ அழுகிற ஆள் அல்ல. அடுத்த வருஷம், வலியாவது தீரட்டும் என்று கணுக்கால் எலும்புகளை ஒன்றாக இணைத்துவிட்டார்கள். அசைந்தால்தானே வலிக்கும்?

இத்தோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வாரிசு என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால் ஊர் விடாது. க்ரைஃப் ஆட்டக்காரராகவும் ஜெயித்தார், கோச்சாகவும் ஜெயித்தார். 1992-ல் பார்சிலோனாவுக்கு முதல் ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அப்புறம் வாரிசு மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கலாமா?

2003-ல் அயாக்ஸின் ஜூனியர் அணியில் உதவியாளராகச் சேர்ந்தார். ஒரே வருஷம். 2004 ஜூலையில் ஹாலந்து தேசிய அணிக்கே தலைமைக் கோச். வயது 39. அதற்குமுன் எந்த அணிக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. தாலுகா ஆபீஸ் வாசலைக்கூட மிதிக்காமல் நேரே கலெக்டர்!

கவிழ்ந்தாரா? இல்லை. சீடார்ஃப், டேவிட்ஸ், க்ளைவர்ட், மகாய் என்று பெரிய பெரிய பெயர்களைக் கொஞ்சம்கூடத் தயங்காமல் ஓரங்கட்டினார். இளசுகளைக் கொண்டுவந்தார். 2006 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் 12 ஆட்டங்கள், 10 வெற்றி, 2 டிரா. தோல்வியே இல்லை. நாலு வருஷத்தில் அவர் தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதற்குப் பேர் ஃபெயில் என்றால் பாஸ் மார்க் எத்தனை என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு தப்பு செய்தார். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

2006 ஜூன் 25. தேதியைக் கவனியுங்கள். அதே ஜூன் 25, அதே ஜெர்மனி. ம்யூனிக் கோலுக்குச் சரியாகப் பதினெட்டு வருஷம். நியூரம்பர்க் நகரில் போர்ச்சுகலோடு நாக் அவுட் ஆட்டம். கால்பந்தா குஸ்தியா என்று தெரியாமல் நடந்த மேட்ச் அது. 16 மஞ்சள் அட்டை, 4 சிவப்பு அட்டை. மனிஷ் அடித்த ஒரே கோலில் போர்ச்சுகல் முன்னால் இருந்தது. அவர்கள் தரப்பில் ஓர் ஆள் குறைந்து, ஹாலந்து பதினொரு பேரும் முழுசாக இருந்த நேரமும் உண்டு. ஒரே ஒரு கோல் போதும். பெஞ்சில் ரூட் வான் நிஸ்டல்ராய் உட்கார்ந்திருந்தார். பெனால்டி ஏரியாவுக்குள் கோல் போடுவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர். வான் பாஸ்டன் அவரை முதல் பதினொருவரில் போடவில்லை. சரி, போகட்டும். இடையிலும் கூப்பிடவில்லை. கடைசி நேரத்தில் வேறொரு உயரமான ஃபார்வர்டைத்தான் இறக்கினார். 0-1. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள்.

1988-ல் மிகெல்ஸ் மனசை மாற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் வான் பாஸ்டன் என்கிற பெயரே பாதிதான் இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட மாட்டார்களா என்று பார்த்திருப்பதன் வேதனை அவருக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் ஏன்? என் ஊகம் இது. வேறு எந்த இடத்தில் ஆடுபவனிடமும் அவருக்குப் பொறுமை இருந்தது. தன் இடத்தில் ஆடுபவனிடம் மட்டும் இல்லை. அங்கே நின்றால் என்ன செய்யவேண்டும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். இன்னொருவன் அதை வேறு மாதிரி செய்வதை அந்த உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. சங்கீதம் தெரிந்த மாமியார் மருமகள் பாட்டைக் கேட்பதுபோல.

வான் நிஸ்டல்ராய் கோபித்துக்கொண்டு தேசிய அணிப் பக்கமே கொஞ்சநாள் வரவில்லை. வான் பாமல், இவர் கோச்சாக இருக்கும்வரை வரமாட்டேன் என்றார். சீடார்ஃபைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவரும் 2008-ல் கழன்றுகொண்டார். இத்தனை பேரோடு சண்டை என்றால் தப்பு எல்லாமே எதிராளியுடையதாக இருக்க வாய்ப்பில்லை.

2008 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில், வான் நிஸ்டல்ராயோடு சமாதானமாகிவிட்டிருந்தார். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹாலந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, சும்மா சொல்லக்கூடாது, அமர்க்களம். உலக சாம்பியன் இத்தாலிக்கு 3-0. முந்தைய உலகக் கோப்பை ஃபைனலில் ஆடிய இன்னோர் அணியான ஃபிரான்சுக்கு 4-1. ருமேனியாவுக்கு 2-0. கோப்பையை இப்போதே கொடுத்துவிடலாமே என்று பேச்சு வந்தது.

அடுத்தது பாஸல் நகரில் ரஷ்யாவோடு குவார்ட்டர் ஃபைனல். 86-வது நிமிடத்தில் வான் நிஸ்டல்ராய் சமன் செய்தார். எக்ஸ்ட்ரா டைமில் ஆர்ஷாவின் புகுந்து விளையாடிவிட்டார். 3-1. ரஷ்யாவின் கோச் யார்? குஸ் ஹிட்டிங்க். அவரும் ஹாலந்துக்காரர். ஆட்டக்காரராக அவரை அன்றைக்கு மைதானத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்பது சந்தேகம். வான் பாஸ்டன் ம்யூனிக் கோலை அடித்த அதே 1988-ல், பி.எஸ்.வி. கிளப்புக்குக் கோச்சாக ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர். 2002-ல் தென் கொரியாவை உலகக் கோப்பை செமி ஃபைனல்வரை கூட்டிப்போனவர்.

வான் பாஸ்டனின் மிலான் கோச் அரிகோ சாக்கியும் இந்த ரகம்தான். பெரிய ஆட்டமெல்லாம் ஆடியதில்லை, அப்பாவின் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். நீ என்ன ஆடிக் கிழித்தாய் என்று கேட்டவர்களுக்கு, குதிரை ஓட்டுபவன் முன்னால் குதிரையாக இருந்திருக்க வேண்டியதில்லை என்றார். வான் பாஸ்டனுக்கும் சாக்கிக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் ஊரறிந்த விஷயம். குதிரைக்குக் கோபம் வராதா?

அதற்காக, நன்றாக ஆடியவனுக்கு நன்றாகச் சொல்லித்தர வராது என்று நான் சட்டம் போடவில்லை. க்ரைஃப் இருக்கிறார். ஃபார்வர்டாக இருந்தவர்களிலேயே யுப் ஹைன்க்கஸ், ரியல் மாட்ரிட்டோடும் பயர்ன் ம்யூனிக்கோடும் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்திருக்கிறார். ஆனால் க்ரைஃப் ஆடும்போதே கோச் மாதிரிதான். கையை நீட்டி நீட்டி எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருப்பார். பிரச்னையைப் பேசிக் கரைப்பது அவருக்குக் கைவந்த கலை. வான் பாஸ்டன் பேசுகிறவர் அல்ல. அவருக்கு எந்தப் பிரச்னைக்கும் ஒரே வடிகால், கால். பந்து வரும், உதைப்பார், முடிந்தது. கோச்சுக்கு அது கிடையாது. ஆட்டத்தை முடித்துவைக்க அவரால் முடியாது, மற்றவர்கள் முடிப்பதைப் பார்க்கத்தான் முடியும். ராத்திரி வீட்டுக்குப் போனபிறகும் ஆட்டம் மண்டைக்குள் நடந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில்தான் அவர் உடைந்தார், அறிவில் அல்ல.

கென்னி டால்கிலிஷ் ஞாபகமிருக்கிறதா? லிவர்பூலின் மகத்தான ஃபார்வர்ட், பிறகு அதே கிளப்பின் மேனேஜர். 1991-ல் அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே, அழுத்தம் தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு வெளியேறினார். இங்கிலாந்தே ஆடிப்போனது. ஆனால் அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார். வான் பாஸ்டன் வேலையில் இருந்துகொண்டே ஒரு படி கீழே இறங்கினார். எனக்கென்னவோ இதுதான் கஷ்டம் என்று தோன்றுகிறது. தினமும் காலையில் அதே மைதானம், நேற்றுவரை இவரை பாஸ் என்று கூப்பிட்ட அதே பையன்கள்.

அதன்பின் 2015-ல் தேசிய அணிக்கு உதவிக் கோச்சாகப் போனார். 2016-ல் ஃபிஃபாவில் தொழில்நுட்ப வளர்ச்சிக்கான அதிகாரி. 2017-ல் ஆஃப்சைடு விதியையே எடுத்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனையைக் கிளப்பினார். நியாயம்தானே, ஃபார்வர்ட் வேறு எதைக் கேட்பான்?

நடுவே நான் தாவிவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. 2008 போட்டி முடிந்ததும் அயாக்ஸுக்குத் தலைமைக் கோச்சாகப் போனார். நாலு வருஷ ஒப்பந்தம். தாய்வீடு. வாரிசு வீடு திரும்பினார் என்று வரவேற்பு. பணம் தண்ணீராக ஓடியது, சுலைமானி என்கிற பையனை வாங்க மட்டும் 1.6 கோடி யூரோவுக்கு மேல். அந்த சீசன் முடியும்போது அயாக்ஸ் லீகில் மூன்றாவது இடம். சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு போச்சு. ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்று வருஷம் பாக்கியிருக்கும்போதே 2009 மே மாதம் ராஜினாமா. பிறகு ஹேரன்வேன் என்கிற சின்ன கிளப்பில் இரண்டு சீசன், எட்டாவது இடம், ஐந்தாவது இடம். அங்கிருந்துதான் அல்க்மார்.

அல்க்மாரில் அவர் இரண்டாவது நாற்காலிக்கு நகர்ந்த 2014-15 சீசனில் அந்த அணி எந்த இடத்தில் முடித்தது தெரியுமா? மூன்றாவது. அயாக்ஸில் ராஜினாமாவில் முடிந்த அதே மூன்று. அல்க்மாரில் அதைக் கொண்டாடினார்கள்.